பிராட்ஃபோர்ட் புல்ஸ்: வெற்றி ஆண்டுகளிலேயே தொடங்கிய சரிவு

இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயரில் உள்ள பிராட்ஃபோர்ட் நகரத்துக்கு வேலை நிமித்தம் நான் குடிவந்தது 1990களின் பிற்பகுதியில். கணக்குத் தணிக்கை என் தொழில். அந்த நகரத்தின் ரக்பி லீக் கிளப்பான பிராட்ஃபோர்ட் புல்ஸ் அப்போது உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. அது இந்த ஆட்டத்தின் முதல்நிலைத் தொடரான ஐரோப்பிய சூப்பர் லீக்கின் பட்டத்தையும் ஆஸ்திரேலிய அணிகளை வீழ்த்தி உலக கிளப் சேலஞ்ச் கோப்பையையும் வென்றதைப் பார்த்தேன். 2017 ஜனவரியில் அந்த நிறுவனம் சட்டப்படி கலைக்கப்பட்டதையும் பார்த்தேன். இடைப்பட்ட காலத்தில், என் மகள் விளையாடிய ஒரு சிறிய அமெச்சூர் கிளப்பின் பொருளாளராகப் பல ஆண்டுகள் பொறுப்பில் இருந்தேன். பெரிய கிளப்பையும் சிறிய கிளப்பையும் ஒரே காலத்தில் உள்ளும் புறமும் பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து இது: ஒரு கிளப்பின் சரிவு புள்ளிப் பட்டியலில் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதன் பணம் வரும் வழியிலும் போகும் வழியிலும் தெரிந்துவிடும். அதை எங்கே, எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன்.

ரக்பி லீக் அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஓர் அணிக்கு 13 பேர். பந்தை ஏந்தி வருபவரை எதிரணியினர் மடக்கிப் பிடித்து நிறுத்தினால் அது ஒரு டேக்கிள். ஆறாவது டேக்கிளுக்குள் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தை நிலத்தில் ஊன்றிவிட்டால் 4 புள்ளிகள். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். கபடி பார்த்து வளர்ந்த எனக்கு இந்த ஆட்டத்தின் உயிர்நாடி முதல் அரைமணி நேரத்திலேயே பிடிபட்டுவிட்டது: பிடித்தவனை இழுத்துக்கொண்டே இன்னும் ஓரடி முன்னேறுவதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்த ஆட்டம் பிறந்ததே பணத்தைப் பற்றிய ஒரு நேர்மையான கேள்வியிலிருந்துதான். வட இங்கிலாந்தின் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்தவர்கள் சனிக்கிழமை வேலையை விட்டுவிட்டு ஆட வந்தால் இழக்கும் கூலியைக் கிளப் ஈடுகட்டலாமா என்ற பிரச்சினையில், 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்திக் கிளப்புகள் கூடிப் பழைய ரக்பி சங்கத்திலிருந்து பிரிந்தன. பிரிந்த கிளப்புகள் நடத்திய முதல் பருவத்தின் பட்டத்தை வென்றது பிராட்ஃபோர்டின் மானிங்ஹாம் அணி. ஆனால் அந்த மானிங்ஹாம் 1903இல் பண நெருக்கடியால் ரக்பியைக் கைவிட்டுக் கால்பந்துக்கு மாறி பிராட்ஃபோர்ட் சிட்டி ஆனது. நகரத்தின் இன்னொரு ரக்பி கிளப்பும் 1907இல் கால்பந்துக்கே போனது. அதை ஏற்காத உறுப்பினர்கள் பிரிந்து உருவாக்கியதுதான் பிராட்ஃபோர்ட் நார்தர்ன், அதாவது பிற்காலத்துப் புல்ஸ். 1934 முதல் அவர்களுடைய மைதானம் ஆட்ஸல். குப்பை கொட்டி வந்த பழைய கற்சுரங்கப் பள்ளத்தைச் சுற்றி எழுந்த பிரம்மாண்டமான கிண்ணம் அது. 1954 மே 5 அன்று வாரிங்டனும் ஹாலிஃபாக்ஸும் மோதிய சேலஞ்ச் கோப்பை மறு இறுதிப் போட்டிக்கு அங்கே கூடியவர்களின் அதிகாரபூர்வ எண்ணிக்கை 1,02,569.

அதே மைதானத்தில், 1963 நவம்பரில் பாரோ அணிக்கு எதிரான ஆட்டத்தைக் காண வந்தவர்கள் 324 பேர். அடுத்த மாதமே கிளப் கலைந்துவிட்டது. ஆலைத் தொழிலாளியாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு முதியவர் புல்ஸ் ஆட்டங்களின்போது என் பக்கத்தில் நிற்பார். அந்த 324 பேரில் தானும் ஒருவர் என்று அவர் சொல்வார். அதைவிட, 1964இல் முன்னாள் வீரர்களான டிரெவர் ஃபாஸ்டர், ஜோ ஃபிலிப்ஸ் ஆகியோரின் முயற்சியால் கிளப் மீண்டும் தொடங்கப்பட்டபோது முதல் ஆட்டத்துக்கு 14,000 பேருக்கு மேல் வந்ததைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உயரும். சில மாத இடைவெளியில் 324 எப்படிப் 14,000 ஆனது என்பதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நகரத்தின் அன்பு அதற்குள் கூடியோ குறைந்தோ போயிருக்க வழியில்லை. புதிய நிர்வாகத்தை மக்கள் நம்பினார்கள், பழையதை நம்பவில்லை. பார்வையாளர் எண்ணிக்கையை ஆட்டத் திறமைக்கான மதிப்பெண்ணாக மட்டும் படிப்பவர்கள், அது நிர்வாகத்தின் மீதுள்ள நம்பிக்கையின் அளவும் கூட என்பதை விட்டுவிடுகிறார்கள்.

நான் வந்து சேர்ந்த காலத்துக்கு வருகிறேன். 1996இல் சூப்பர் லீக் தொடங்கியபோது இந்த ஆட்டம் குளிர்காலத்திலிருந்து கோடைக்கு மாறியது. நார்தர்ன் என்ற பெயரும் புல்ஸ் என்று மாறியது. தலைவர் கிரிஸ் கைஸ்லி, பயிற்சியாளர் பிரையன் ஸ்மித், விளம்பரப் பொறுப்பில் பீட்டர் டீக்கின் ஆகிய மூவரும் சேர்ந்து செய்ததை அன்றைக்கு இங்கிலாந்தில் வேறு எந்த ரக்பி கிளப்பும் செய்யவில்லை. வீரர்கள் பள்ளிகளுக்கு முறைவைத்துப் போனார்கள். ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே மைதானத்தில் இசை, விளையாட்டு, பிள்ளைகளுக்கு முகத்தில் வண்ணம் என்று ஒரு திருவிழாவே தொடங்கிவிடும். ஐயாயிரம் சொச்சமாக இருந்த சராசரிக் கூட்டம் 1997இல் 15,000ஐத் தாண்டியது. அந்த ஆண்டு முதல் 20 லீக் ஆட்டங்களையும் வென்று பட்டத்தையும் எடுத்தார்கள். 1999இல் லீட்ஸுக்கு எதிரான ஆட்டத்துக்கு 24,000 பேர் வந்தார்கள்.

ஆட்ஸலின் ஓர் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது. உடை மாற்றும் அறைகள் மேலே இருந்தன. ஆகவே வீரர்கள் கூட்டத்துக்கு நடுவே உள்ள நீண்ட படிக்கட்டில் இறங்கித்தான் களத்துக்கு வர வேண்டும். காலணியின் ஆணிகள் சிமென்ட்டில் உரசும் ஓசை முதலில் கேட்கும். பிறகு தைல வாசனை. பிறகு ஜோ வகானாவும் ஸ்டூவர்ட் ஃபீல்டனும் லெஸ்லி வைனிகோலோவும் கைக்கெட்டும் தூரத்தில் இறங்கிப் போவார்கள். என் மகள் ஒருமுறை ராபி பாலின் கையைத் தொட்டுவிட்டு அன்று இரவு கை கழுவ மறுத்தாள். தோற்ற நாளில் அதே படிக்கட்டில் அதே கூட்டத்துக்கு நடுவே அவர்கள் மேலேற வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆடுபவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் இடையே அந்தக் கிளப்பில் இருந்த நெருக்கத்துக்கு அந்தப் படிக்கட்டும் ஒரு காரணம்.

2001 முதல் 2005 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் புல்ஸ் சூப்பர் லீக் பட்டத்துக்கான இறுதிப் போட்டிக்குப் போனார்கள். 2001, 2003, 2005 ஆகிய மூன்று ஆண்டுகளில் பட்டம் கிடைத்தது. 2003இல் லீக் முதலிடம், சேலஞ்ச் கோப்பை, இறுதிப் பட்டம் என மூன்றும் சேர்ந்தே வந்தன. 2002, 2004, 2006 ஆகிய ஆண்டுகளில் உலக கிளப் சேலஞ்ச் கோப்பையும் பிராட்ஃபோர்டுக்கே வந்தது.

சரிவின் வேர்களை நான் இந்த ஆண்டுகளுக்குள்தான் தேடுகிறேன். முதலாவது, மைதானம். ஆட்ஸலின் அடிமனை மாநகராட்சிக்கு உரியது. கிளப்பின் கையில் இருந்தது நெடுங்காலக் குத்தகை. அந்தப் பள்ளத்தை நவீன அரங்கமாக மாற்றும் திட்டங்கள் எத்தனையோ வந்தன, எதுவும் நடக்கவில்லை. மறுசீரமைப்பை எதிர்பார்த்து 2001, 2002 பருவங்களைக் கால்பந்து கிளப்பின் வேலி பரேட் அரங்கில் ஆடிவிட்டு, எதுவும் கட்டப்படாத அதே ஆட்ஸலுக்கே திரும்பி வந்தார்கள். மேற்கூரையில்லாத பகுதிகளே மிகுதியான மைதானத்தில், மழை பெய்தால் கூட்டம் குறையும். கூட்டம் குறைந்தால் அன்றைய உணவுக் கடை வருவாயும் குறையும். ஆட்டமில்லாத நாள்களில் வாடகைக்கு விட மண்டபமோ அலுவலகமோ போதிய அளவு கிடையாது. ஆக, ஆண்டுக்குப் பதினான்கு பதினைந்து மாலைகளில் வரும் வருவாயைக் கொண்டு 365 நாள் செலவை நடத்த வேண்டிய நிலை.

இரண்டாவது, வீரர்களின் வெளியேற்றம். ஜேமி பீக்காக் 2005 பருவம் முடிந்ததும் லீட்ஸுக்குப் போனார். 2006இல் பயிற்சியாளர் பிரையன் நோபிளும், அன்றைக்குச் சாதனைத் தொகையான 4,50,000 பவுண்டுக்கு ஃபீல்டனும் விகனுக்குப் போனார்கள். அதே ஆண்டு கைஸ்லியும் தலைவர் பொறுப்பிலிருந்து விலகினார். 2007இல் வைனிகோலோ ரக்பியின் இன்னொரு வடிவமான ரக்பி யூனியனுக்கு மாறினார். உள்ளூரில் வளர்ந்து வந்த சாம் பர்ஜெஸ் 2010 பருவத்துக்கு ஆஸ்திரேலியாவின் சவுத் சிட்னிக்கு விற்கப்பட்டார். பிறகு மூன்றாவது, வழக்கு: 2004இல் ஐஸ்டின் ஹாரிஸை ஒப்பந்தம் செய்ததற்காக அவருடைய பழைய கிளப்பான லீட்ஸ் தொடுத்த வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்து, 2008இல் நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ந்தது.

பதினைந்து கிலோமீட்டர் தொலைவுக்குள் இருந்த லீட்ஸ் அதே ஆண்டுகளில் என்ன செய்தது என்பதையும் வைத்துப் பார்க்க வேண்டும். கெவின் சின்ஃபீல்ட், ராப் பரோ, டேனி மெக்வையர் என்று தன் இளைஞர் அணியிலிருந்தே ஒரு தலைமுறையை வளர்த்தது. ஹெடிங்லி மைதானம் கிளப் உரிமையாளர்களின் கையிலேயே இருந்தது. 2004 முதல் 2017 வரை லீட்ஸ் எட்டு இறுதிப் பட்டங்களை வென்றது. வெற்றி ஆண்டுகளின் பணத்தை எதில் போடுவது என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. பட்டம் வென்ற வீரரைத் தக்கவைக்கச் செலவிடும் தொகை நான்கு ஆண்டுகளில் கரைந்துவிடுகிறது. நிலத்திலும் 14 வயதுப் பிள்ளைகளிலும் போட்ட பணம் பதினைந்து ஆண்டுகள் கழித்தும் வேலை செய்கிறது.

கணக்கேட்டைப் பற்றிச் சொன்னேன், அதை விளக்குகிறேன். பிரிட்டனில் எந்தக் கம்பெனியும் ஆண்டுக் கணக்கைக் கம்பெனிகள் பதிவகத்தில் தாக்கல் செய்தாக வேண்டும். அதை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். விளையாட்டு கிளப் என்றால் நான் முதலில் பார்ப்பது, முன்கூட்டிப் பெற்ற வருவாய் என்ற வரி. அடுத்த பருவத்துக்கான சீசன் டிக்கெட் இலையுதிர் காலத்திலேயே விற்பனைக்கு வந்துவிடும். அந்தப் பணம் இன்னும் ஆடப்படாத ஆட்டங்களுக்கானது, ஆகவே அது கடன். நடப்புப் பருவத்தின் கடைசி மாதச் சம்பளத்தை அதிலிருந்து கொடுக்கத் தொடங்கிவிட்டால், ஒவ்வோர் ஆண்டும் டிக்கெட் விற்பனையை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்தாக வேண்டும். ஆகஸ்டிலேயே அடுத்த ஆண்டு டிக்கெட்டுக்குப் பெரும் தள்ளுபடி அறிவிக்கப்படுவதைக் கண்டால் ரசிகர்கள் மகிழ்கிறார்கள், நான் கவலைப்படுகிறேன். இத்தனை ஆயிரம் பேர் சேர்ந்தால் மிகக் குறைந்த விலை என்ற திட்டத்தைப் புல்ஸும் நடத்தியது. அரங்கம் நிறைந்தது, உற்சாகமும் இருந்தது. ஆனால் ஒருமுறை தாழ்ந்த விலையை மீண்டும் உயர்த்துவது எவ்வளவு கடினம் என்பதைக் கடை வைத்திருக்கும் எவரும் சொல்வார்கள்.

அடுத்து, சொத்துகளின் மீதான அடமானப் பதிவு. மைதானக் குத்தகையும் வருங்கால ஒளிபரப்புப் பணமும் யாரிடம் ஈடாக வைக்கப்பட்டுள்ளன என்பது அதில் தெரியும். மூன்றாவதாக, இயக்குநர்கள் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும்; ஓராண்டில் நாலைந்து பேர் மாறினால் காரணம் கேட்க வேண்டும். கணக்கு தாமதமாக வந்தாலும் அதுவே ஒரு செய்திதான். வரித் துறை ஒரு கம்பெனியைக் கலைக்கக் கோரி மனுப் போட்டால், அந்த அறிவிப்பு லண்டன் கெஜட்டில் வரும். சிறிய கம்பெனிகள் சுருக்கக் கணக்கை மட்டும் கொடுத்து வந்தன, அதில் இலாப நட்ட விவரம் இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் ஆதரவாளர் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. இவற்றைப் பார்க்கத் தணிக்கையாளராக இருக்கத் தேவையில்லை. ஒரு மாலை நேரம் போதும்.

2012 ஜனவரியில் ஆட்ஸல் குத்தகையை ரக்பி லீக் தலைமை அமைப்பே கிளப்பிடமிருந்து வாங்கிக்கொண்டது. மைதானத்தைப் பாதுகாக்க என்று சொல்லப்பட்டது, அது உண்மையும்தான்; ஆனால் கிளப்பிடம் விற்பதற்கு இருந்த கடைசிச் சொத்தும் அத்தோடு போய்விட்டது. மார்ச் மாதம் பொதுமக்களிடம் 10 லட்சம் பவுண்டு கேட்டு வேண்டுகோள் வந்தது. அதில் பாதி உடனடித் தேவை என்றார்கள். அந்த நாள்களை நினைத்தால் இன்னும் நெஞ்சு நிறைகிறது. பள்ளிப் பிள்ளைகள் உண்டியலைக் கொண்டுவந்தார்கள். எதிரணிகளின் ரசிகர்கள் தங்கள் மைதானங்களில் வாளி ஏந்தினார்கள். ஈஸ்டர் வாரத்தில் லீட்ஸுக்கு எதிரான ஆட்டத்துக்கு 20,000 பேருக்கு மேல் திரண்டார்கள். என் வீட்டிலிருந்தும் என்னாலான தொகை போனது. உடனடித் தேவைக்கான பணம் குறித்த நாளுக்குள் சேர்ந்தது. இருந்தும் ஜூன் மாதத்தில் கிளப் திவால் நிர்வாகத்தின் கீழ் போனது.

அப்படிக் கொடுத்ததற்காக நான் வருந்தவில்லை. ஆனால் இத்தகைய வேண்டுகோள் எந்த ஊரில் எழுந்தாலும், கொடுப்பவர்கள் சேர்ந்து சில நிபந்தனைகளை வைக்க வேண்டும் என்று அன்று முதல் சொல்லி வருகிறேன். பணம் நேரே கம்பெனிக் கணக்குக்குப் போகாமல், வழக்கறிஞர் ஒருவரின் பொறுப்பில் உள்ள தனிக் கணக்கில் நிற்க வேண்டும். அடுத்த மூன்று மாதங்களுக்கு வாரம் வாரியாக வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்ற பட்டியலை ஆதரவாளர்களின் பிரதிநிதிகள் பார்த்த பிறகே அது விடுவிக்கப்பட வேண்டும். மொத்தக் கடன் எவ்வளவு என்று எழுத்தில் கேட்க வேண்டும். ஏனெனில் சேர்த்துக் கொடுத்த தொகையைப் போல மூன்று மடங்கு பழைய பாக்கி இருந்தால், பிள்ளைகளின் உண்டியல் காசு அந்தப் பாக்கிக்குத்தான் போய்ச் சேரும், அணிக்கு அல்ல. இயன்றால் நன்கொடைக்குப் பதிலாகப் பங்கு கேட்க வேண்டும். உணர்ச்சி பொங்கும் வாரத்தில் இதையெல்லாம் பேசினால் கல்நெஞ்சக்காரர் என்று பெயர் வாங்க நேரும். அதற்குத் தயாராக இரண்டு பேராவது ஊரில் இருக்க வேண்டும்.

அதன் பிறகு நடந்தவற்றை விரைவாகவே சொல்லிவிடலாம். 2012 கோடையின் முடிவில் உள்ளூர் உணவக உரிமையாளர் ஒமர் கான் கிளப்பை எடுத்தார். சூப்பர் லீக்கில் தொடர அனுமதித்த மற்ற கிளப்புகள், ஒளிபரப்புப் பணத்தில் பாதி மட்டுமே தருவது என்று முடிவு செய்தன. அதே எதிரணிகளோடு, அதே சம்பளச் சந்தையில், பாதி வருவாயில் ஆடுவது எங்கே போய் முடியும் என்பது அப்போதே தெளிவாக இருந்தது. 2014இல் மீண்டும் திவால் நிர்வாகம், 6 புள்ளிகள் வெட்டு, 40 ஆண்டுகளில் முதன்முறையாக இரண்டாம் நிலைக்கு இறக்கம். 2015இல் திரும்பி ஏறுவதற்கான ஒரே ஆட்டத்தில் வேக்ஃபீல்டிடம் 24–16 என்று தோற்றார்கள். 2016 நவம்பரில் மறுபடியும் திவால் நிர்வாகம். 2017 ஜனவரி 3 அன்று கலைப்பு. வீரர்களும் பயிற்சியாளர்களும் அலுவலக ஊழியர்களும் அன்று ஒரே நாளில் வேலையிழந்தார்கள்.

அதே பெயரில் புதிய நிறுவனம் தொடங்கப்பட்டு, 12 புள்ளிகள் குறைவாகப் பருவத்தைத் தொடங்கி, மூன்றாம் நிலைக்கு இறங்கியது. ஐரோப்பாவின் தலைசிறந்த அணியாக இருந்து பன்னிரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன.

இனி எங்கள் சிறிய கிளப். மேடு பள்ளமான இரண்டு களங்கள், வண்ணம் உரிந்த ஒரு சரக்குப் பெட்டகம், அதற்குள் ஈரத்தில் பூசணம் பூத்த டேக்கிள் பஞ்சணைகள், ஒரு தேநீர் ஜன்னல். இவ்வளவுதான் எங்கள் சொத்து. புல்ஸ் எழுந்த ஆண்டுகளில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளின் அணிக்கு இடம் கொடுக்க முடியாமல் காத்திருப்போர் பட்டியல் வைத்திருந்தோம். புல்ஸ் விழுந்த உடனே எங்கள் எண்ணிக்கை விழவில்லை. முதல் அணி தோற்கத் தொடங்கி மூன்று நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் புதிய பிள்ளைகள் வருவது குறைந்தது. பிறகு அந்தக் குறைவு வயதுக் குழுவாக மேலேறி வந்தது. எட்டு வயதில் 13 பேர் இல்லாத குழு, பதினான்கு வயதிலும் நிறையாது. ஒரு வட்டாரத்தில் பெரிய கிளப் தடுமாறினால் சிறிய கிளப்புகள் உடனே செய்ய வேண்டியது இதுதான்: பக்கத்துக் கிளப்போடு வயதுக் குழுக்களை இணைத்துக்கொள்வது. கௌரவம் பார்த்து இரண்டு கிளப்புகளும் தனித்தனியே ஒன்பது பேரை வைத்துக்கொண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு முறை ஆட்டம் ரத்தானால் பெற்றோர் பிள்ளையைக் கால்பந்துக்குக் கூட்டிப் போய்விடுவார்கள்.

2017இல் கிளப் கலைந்தபோது எங்களைச் சேர்ந்த ஒரு பதினேழு வயதுப் பையன் புல்ஸ் இளைஞர் அணியில் இருந்தான். அவனுடைய அம்மா அன்று இரவு தொலைபேசியில் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: நாளைக்குக் காலையில் அவனைப் பயிற்சிக்கு எழுப்புவதா வேண்டாமா என்று. எனக்குப் பதில் தெரியவில்லை. வேறு கிளப்புகள் சில பிள்ளைகளை எடுத்துக்கொண்டன. அவன் எங்களிடமே திரும்பி வந்து பெரியவர்கள் அணியில் ஆடினான். வீரர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் எந்தப் பிள்ளைக்கும் கல்லூரிப் படிப்போ தொழிற்பயிற்சியோ கூடவே நடக்க வேண்டும் என்பதை அதற்குப் பிறகு எங்கள் கிளப்பில் எல்லாப் பெற்றோரிடமும் வெளிப்படையாகவே பேசத் தொடங்கினோம்.

பொருளாளராக நான் கடைப்பிடித்தவை எளியவை. எந்தச் செலவுக்கும் இரண்டு கையெழுத்து. அந்த இருவரும் ஒரே குடும்பத்தினராக இருக்கக் கூடாது. மூன்று மாதச் செலவுக்கான தொகை எப்போதும் தொடப்படாமல் இருக்க வேண்டும். பிள்ளைகளின் வாரச் சந்தா பெரியவர்கள் அணியின் பேருந்து வாடகைக்குப் போகக் கூடாது. இந்த ஒன்றுக்காகத்தான் எனக்குக் கூட்டங்களில் அதிகச் சண்டை வந்தது. அமெச்சூர் நிலையில் எந்த வீரருக்கும் பெட்ரோல் காசு என்ற பெயரில்கூடப் பணம் தரக் கூடாது. ஒருவருக்குத் தந்தால் அடுத்த பருவம் ஆறு பேர் கேட்பார்கள். சந்தா கட்ட இயலாத குடும்பத்தின் விவரம் பொருளாளரையும் பயிற்சியாளரையும் தவிர வேறு யாருக்கும் தெரியக் கூடாது.

பிராட்ஃபோர்டில் தெற்காசியக் குடும்பங்கள், பெரும்பாலும் பாகிஸ்தான் வம்சாவளியினர், பெரும் எண்ணிக்கையில் வாழ்கிறார்கள். ஆனால் ஆட்ஸல் கூட்டத்திலும் எங்கள் களத்திலும் அந்தப் பங்கு தெரியவே இல்லை. யார்க்‌ஷயரில் வளர்ந்த இக்ரம் பட் 1995இல் இங்கிலாந்து அணிக்கே ஆடியிருக்கிறார்; ஆகவே ஆர்வமில்லை, உடல்வாகு இல்லை என்ற பேச்செல்லாம் எடுபடாது. எங்கள் தெருவில் இருந்த தாய்மார்களிடம் நேரே கேட்டபோதுதான் காரணம் புரிந்தது: எங்கள் பயிற்சி நேரமும் பிள்ளைகள் பள்ளிவாசல் வகுப்புக்குப் போகும் மாலை நேரமும் ஒன்றாக இருந்தன. ஒரு வயதுக் குழுவின் பயிற்சியைச் சனிக்கிழமைக் காலைக்கு மாற்றினோம். தேநீர் ஜன்னலில் ஹலால் உணவும் வைத்தோம். பெண் பிள்ளைகளுக்கு உடை மாற்ற மறைவான இடம் ஒதுக்கினோம். செலவு மிகக் குறைவு. புதிய குடும்பங்கள் வந்தன, பிள்ளைகளோடு சித்தப்பாக்களும் மாமாக்களும் வந்து கோடு போட வண்ணம் தூக்கினார்கள். ஒரு கிளப் தன்னைச் சுற்றி இன்று யார் வாழ்கிறார்கள் என்பதை ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது நடந்து போய்க் கேட்டு அறிய வேண்டும். பெரிய கிளப் இதைத் தன் வெற்றி ஆண்டுகளில், கையில் ஆளும் பணமும் இருந்தபோது, இன்னும் ஆழமாகச் செய்திருக்கலாம் என்பது என் ஆற்றாமை.

புதிய புல்ஸ் 2018இல் மூன்றாம் நிலையிலிருந்து ஏறியது. 2019 மே மாதம் சேலஞ்ச் கோப்பையில் சூப்பர் லீக் அணியான லீட்ஸை ஆட்ஸலிலேயே 24–22 என்று வீழ்த்தியது. அன்று கூட்டத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் அழுதோம். அதே ஆண்டு மைதானச் செலவைத் தாங்க முடியாமல் டியூஸ்பரிக்கு இடம்பெயர்ந்து, 2021இல் மீண்டும் ஆட்ஸலுக்கு வந்தார்கள். இப்போது சூப்பர் லீக்கில் இடம் பெறக் களத்தில் வெல்வது மட்டும் போதாது. நிதிநிலை, மைதானம், கூட்டம், சமூகப் பணி ஆகியவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. அந்த மதிப்பீட்டின்படி, 14 அணிகளாக விரிந்த 2026 சூப்பர் லீக்கில் பிராட்ஃபோர்டுக்கு இடம் கிடைத்தது.

மதிப்பீட்டு முறையைப் பழிப்பவர்கள் பலர். ஏறி இறங்கும் சுவாரசியம் போய்விட்டது என்கிறார்கள். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒரு கிளப்பின் கணக்கைப் பருவத்துக்கு முன்பே வெளியார் ஒருவர் பார்த்து மதிப்பெண் இடுவது 2005இல் இருந்திருந்தால் எத்தனையோ பேரின் வேலை தப்பியிருக்கும் என்றே நினைக்கிறேன். பருவம் முடிந்து, நிதியாண்டு முடிந்து, அதிலிருந்து ஒன்பது மாதங்களுக்குள் இந்த ஆண்டின் கணக்கு பதிவகத்துக்கு வர வேண்டும். வந்த அன்று மாலை நான் அதைத் திறப்பேன். முன்கூட்டிப் பெற்ற வருவாய் எவ்வளவு, அதே தேதியில் வங்கியில் இருந்த ரொக்கம் எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஆதரவாளர் கூட்டத்துக்கு எடுத்துப் போவேன்.